தெரியுதா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்

வானம் பார்த்ததில் மறக்க முடியாத அனுபவத்தைச் சொல்லச் சொன்னதற்கு, இதுவரை சொன்னவர்கள் பெரும்பாலும் தாங்கள் முதன்முதலில் சனியைப் பார்த்த இரவைப் பற்றிச் சொன்னீர்கள். நான் ஆறு வருடமாக எங்கள் வானம் பார்க்கும் குழுவில் டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் நின்று வரிசையைக் கவனிப்பவன். வானத்தைப் பார்த்ததைவிட, பார்க்க வந்தவர்களைப் பார்த்ததுதான் அதிகம். அதனால் என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் கூடம் ஜவ்வாது மலை அடிவாரத்தில், உறுப்பினர் ஒருவரின் நிலத்தில் இருக்கிறது. இடுப்பளவுச் சுவர், தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும் தகரக் கூரை, உள்ளே 8 அங்குல டாப்சோனியன், அதாவது கையால் தள்ளித் திருப்பும் எளிய டெலஸ்கோப் ஒன்று. அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து இருபது முப்பது பேர் வருவார்கள். இதே மலையில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கிய இடம் அது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அதை நிறுவிய வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததன் அருமை எங்கள் சின்னக் கூடத்தில் நின்றாலே புரியும். நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரி தூரம்தான். வடக்கே கையை நீட்டி மடக்கிய முஷ்டி அளவுக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம், அப்படியே திரும்பினால் தெற்கே சிலுவை நட்சத்திரக் கூட்டம். இரண்டையும் ஒரே இரவில் பார்க்கலாம்.

சம்பவத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்த முதல் வருடம். அன்று சனிக் கோளை 120 மடங்கில் வைத்திருந்தேன். டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. பூமி சுழல்வதால், அந்த உருப்பெருக்கத்தில் எந்தப் பொருளும் இரண்டு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் குழாயை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று யாரோ ராசிக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். எனக்குப் பிடித்த கேள்வி. பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். “தெரியுதா?” என்று கேட்டேன். “தெரியுது சார்”, “சூப்பர் சார்”, “வளையம் தெரியுது சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒரு பையன், ஆறாவது ஏழாவது படிப்பான், குனிந்தவன் நிமிர்ந்து, “அண்ணா, கறுப்பாத்தான் இருக்கு. ஒண்ணுமே இல்ல” என்றான். கண்ணை வைத்துப் பார்த்தேன். சனி எப்போதோ நகர்ந்து போயிருந்தது. அவனுக்கு முன்னால் பார்த்த பதினொரு பேரில் எத்தனை பேர் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு ‘தெரியுது’ என்று சொன்னார்களோ.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் மனம் கோணக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாவிட்டால் கோளாறு நம் கண்ணில்தான் என்ற பயம். ‘தெரியுதா?’ என்ற கேள்விக்குள்ளேயே அதற்கான பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த சந்திப்பிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். “என்ன தெரியுது, சொல்லுங்க” என்று மட்டும் கேட்பேன். பெஞ்சில் காகிதமும் பென்சிலும் சிவப்பு டார்ச்சும் வைத்துவிட்டோம். வேண்டியவர்கள் வரையலாம்.

புதிதாக டெலஸ்கோப் அருகே நிற்கப்போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். பார்ப்பவர்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இருட்டில் எல்லாரும் ஐபீஸை, கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையைத்தான் பிடிப்பார்கள், உடனே குழாய் ஆடிவிடும். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் மட்டும் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்தால் அவ்வளவு நேரமும் வீண். மங்கலானவற்றை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் வரும். விழித்திரையின் நட்டநடுவில் மங்கல் ஒளியை உணரும் செல்கள் இல்லை. அந்த செல்களுக்கு நிறமும் தெரியாது. படத்தில் செக்கச்செவேல் என்று இருக்கும் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் நேரில் சாம்பல் புகையாக இருப்பது அதனால்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் ஏமாறுவதில்லை.

காகிதம் வைத்ததன் பலனை 2025 நவம்பரில் பார்த்தோம். இதை எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இன்னும் நன்றாகச் சொல்வார். சனியின் வளையம் அந்த வருடம் மார்ச்சில் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது. நவம்பரில் மறுபடியும் ஏறக்குறைய அதே நிலை. ஒரு சிறுமி ஒரு பொட்டு வரைந்து அதன் நடுவே ஒரு கோடு இழுத்தாள். அவள் அப்பாவுக்கு ஒரே சங்கடம். “புத்தகத்துல வளையம் எப்படி இருக்கு? சரியாப் பாத்து வரைடா” என்றார். அவள் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, “கோடுதான்பா. ஊசியில பாசிமணி கோத்த மாதிரி” என்றாள். பெரியவர் அந்தக் காகிதத்தை வாங்கி சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தார். “பாப்பா சொல்றதுதாங்க சரி. வளையம் ரொம்ப மெலிசு, பக்கவாட்டுல நின்னா கோடுதான்” என்றார். சுமார் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி வரும். அந்தப் படம் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்கும் நல்ல கூட்டம். இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை முழு கிரகணம். முக்கால்வாசி நேரம் மேகம். இடையில் சில நிமிடம் விலகி, செம்பு நிறத்தில் நிலா தெரிந்தபோது யாரும் வாயே திறக்கவில்லை. அது போதும்.

நான் சொல்ல நினைத்தது உண்மையில் இதைத்தான். ஓர் ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஒரு வயதான தம்பதி மகனோடு வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்திருந்தது. வந்ததிலிருந்து எதையும் பார்க்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கணும்மா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அருந்ததி இருக்குதா தம்பி, மேல?”

“இருக்கும்மா.”

“எங்க கல்யாணத்துல பகல்ல காட்டுனாங்க. பத்தரை மணி வெயிலு. கண்ணு கூசுது. அய்யரு தெரியுதாம்மான்னாரு. தெரியுதுன்னுட்டேன்.”

பக்கத்திலிருந்த ஐயா, “நானும் அதத்தான் சொன்னேன்” என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். இருவரும் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டது அன்றுதான் என்று மகன் பிறகு சொன்னார்.

சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நுனியிலிருந்து இரண்டாவது வசிட்டர், ஒட்டினாற்போல மங்கலாக அருந்ததி. சங்கப் பாட்டில் வடமீன் என்று வருவது அதுதான். வெறும் கண்ணுக்கு அந்த அம்மாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 48 மடங்கு ஐபீஸைப் போட்டு வைத்தேன். எத்தனை நட்சத்திரம், எங்கே என்று நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று முறை குழாயை மெதுவாகத் தள்ளிக் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“என்னம்மா தெரியுது?”

“ரெண்டுன்னுதானே சொல்லுவாங்க? மூணு இருக்குதே தம்பி. பெருசு ரெண்டு ஒட்டி ஒட்டி இருக்குது, தள்ளி ஒண்ணு.” கொஞ்சம் பொறுத்து, “இன்னும் ஒண்ணு இருக்குது, மங்கலா. நாலு” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒட்டி நிற்கும் இரண்டும் வசிட்டர்தான். வெறும் கண்ணுக்கு ஒன்று, டெலஸ்கோப்பில் இரண்டு. 1617-லேயே கலிலியோவும் அவருடைய மாணவர் கஸ்தெல்லியும் பார்த்தது. தள்ளியிருப்பது அருந்ததி. அந்த மங்கலான நாலாவது இவர்களோடு சேர்ந்தது இல்லை, வெகு தூரம் பின்னால் இருக்கிற ஒன்று. 1722-இல் ஜெர்மனியில் ஒருவர் அதைக் கண்டு, புதுக் கோள் என்று நினைத்துத் தன் நாட்டு மன்னரின் பெயரையே வைத்துவிட்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. இந்த அம்மாவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ஐயா பார்த்துவிட்டு, “ரெண்டுதான் இருக்கு” என்றார். “நல்லாப் பாருங்க, அவசரப்படாதீங்க” என்று அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார். ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். “ஆமா... மூணு” என்றார் ஐயா. நாலாவது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்றே சொன்னார்.

மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது. வடக்கே வசிட்டரும் அருந்ததியும் உச்சிக்கு வரும் அதே நேரத்தில் தெற்கே ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உச்சிக்கு வரும். இரண்டும் வானத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. குழாயை நேர் எதிரே திருப்பினேன். எங்கள் ஊரிலிருந்து அது அடிவானத்துக்கு முப்பது டிகிரி மேலே வரும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் எழுவதே இல்லை. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட கொத்து. இதையும் நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த முறை நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, ஐபீஸில் கண்ணை வைத்தார்.

வெகு நேரம் சத்தமே இல்லை.

“என்னம்மா தெரியுது?”

“இரு தம்பி,” என்றார், கண்ணை எடுக்காமல். “எண்ணிக்கிட்டு இருக்கேன்.”