பொருள்: கோட்டை 'மேகசின்' – மருந்துக் கிடங்கா, வேறு சொல்லா?

> 'மருந்துக் கிடங்கு' போதுமே. எளிமையாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

கோட்டையில் வெடிமருந்து சேமிக்கும் கட்டடத்தை ஆங்கிலத்தில் 'மேகசின்' என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் தமிழ்ச்சொல் எளிமைதான். ஆனால் எங்கள் மும்பையில் வைத்துப் பாருங்கள். 1769-இல் கட்டிய ஜார்ஜ் கோட்டையை 1860-களில் இடித்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் துண்டு செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையை ஒட்டி நிற்கிறது. அங்கே 'மருந்துக் கிடங்கு' என்று பலகை மாட்டினால், தாராவியிலிருந்து வரும் நம்மவர்கள் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுவிடுவார்கள்!

'மருந்து' மேல் எனக்குக் கோபமில்லை. சிவகாசியில் மருந்து என்றால் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. முன்னால் 'வெடி' சேர்த்தால் தீர்ந்தது. உண்மையான சிக்கல் கிடங்கில். இன்று அது குடோன், பழந்தமிழில் அகழி. வேறு கட்டடமென்றால் கவலையில்லை, கோட்டையைப் பற்றி எழுதும்போது மட்டும் இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் மோதும்.

மூலச்சொல்லைப் பிடித்தும் போக வேண்டாம். அரபியில் 'மக்ஸன்' வெறும் சேமிப்பிடம். அதுவே பிரெஞ்சில் கடையாகி, 1731-இல் லண்டனில் பத்திரிகையும் ஆகிவிட்டது.

கட்டடத்தைப் பார்த்தே பெயர் வைப்போம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 பங்கு கலந்த மருந்து, கடற்கரை ஈரத்தில் தீபாவளி கழித்து எடுத்த பட்டாசு போல நமுத்துவிடும். ஆகவே காற்று வேண்டும். ஆனால் பொறி நுழையக் கூடாது. அதனால் தடித்த சுவரில் காற்றுத் துளையை நேராக விடாமல் வளைத்து வளைத்து விட்டார்கள். மேலே வில்வளைவுக் கூரை. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை கூடாது, செம்பு அல்லது மரம். விளக்கு உள்ளே போகாது. சுவர் மாடத்தில் கண்ணாடிக்கு அப்பால் வைத்து, வெளியே நின்றே ஏற்றுவார்கள். இத்தனை கவனமும் வீணில்லை. 1748-இல் அரியாங்குப்பம் கோட்டையில் மருந்து வெடித்ததும், பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையையே கைவிட்டுப் புதுச்சேரிக்குள் ஒதுங்கினார்கள்.

இப்படி அடைத்துப் பூட்டிய இடத்தைக் கிடங்கு என்பதைவிட அறை என்பதே பொருத்தம். என் பரிந்துரை: வெடிமருந்தறை. பேச்சில் மருந்தறை.

– மாட்டுங்காவிலிருந்து

> என் பரிந்துரை: வெடிமருந்தறை.

ஒப்புக்கொள்கிறேன், ஒரு தடையோடு. இங்கே டெல்லியில் சிப்பாய்க் கிளர்ச்சியின்போது, 1857 மே 11 அன்று, ஆங்கிலேய அதிகாரி வில்லோபி தகர்த்த 'மேகசின்' இருக்கிறதே, அதன் வாசல்கள் லோதியன் சாலை நடுவில் இன்னும் நிற்கின்றன. அதில் பீரங்கியும் துப்பாக்கியும்கூட இருந்தன. அதை அறை என்றால் சிரிப்பார்கள்.

– டெல்லி

சரிதான் அம்மா. அது ஆயுதசாலை, அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். தொண்டைமான் அவ்வைக்குப் பெருமையாகக் காட்டினானே, படைக்கலக் கொட்டில், அதுவே கிடைக்கிறது. மருந்து மட்டும் இருந்தால் வெடிமருந்தறை. பொறுப்பாளரை 'மருந்தறைக் காப்பாளர்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

– மாட்டுங்கா