ஒன்பதாவது வளைவில் ஒரு வரையாடு

கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். செம்மண், முந்திரி, மத்திய சிறை, அவ்வளவு. அந்த லட்சணத்தில் வளர்ந்த நான் மச்சானோடு ஆனைமலை புலிகள் காப்பகம் பார்க்கக் கிளம்பி, விருத்தாசலம், சேலம், பொள்ளாச்சி என்று ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி, விடிந்ததும் ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினேன். வால்பாறைக்கு மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதிலேயே மச்சானுக்குக் குமட்டல்.

இறங்கினால், தடுப்புச் சுவர் மேல் ஒரு கிடா வரையாடு. பத்தடிகூட இருக்காது. பின்னால் வளைந்த கொம்பு, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த ரோமம், அதற்குப் பின்னால் அதலபாதாளத்தில் ஆழியாறு அணை. நாங்கள் அசையவே இல்லை, அதுதான் எங்களை நோக்கி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் மச்சான் வாய்க்கு ஏதாவது போடலாம் என்று பண்ருட்டி முந்திரி பாக்கெட்டை எடுத்தார். கவர் சரசரத்ததும் அதன் இரண்டு காதும் டக்கென்று பாக்கெட் பக்கம் திரும்பின. நம்மைப் பார்க்க வரவில்லை, சிப்ஸ் சத்தம் பழகிப்போய் வந்திருக்கிறது! மாநில விலங்கை இந்தக் கதிக்கு ஆக்கியிருக்கிறோம்.

வண்டியை நிறுத்திய வனக் காவலர் ஒருவர், "சார், அதை உள்ள வைங்க. தின்னு பழகிட்டா ரோட்டை விட்டுப் போகாது, ஏதாவது வண்டியில அடிபட்டுடும்" என்றார்.

இதைப் படித்துவிட்டு புதுச்சேரியிலிருந்து ஒருவர்:
அண்ணே, நான் அதே காப்பகத்தில் இருக்கிற டாப்ஸ்லிப் போனேன். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரத்தை மேலிருந்து சறுக்கிவிட்ட இடமாம், அதனால் அந்தப் பேர். அடுத்து சறுக்கியது நான். எழுந்து பார்த்தால் காலில் நாலு அட்டை. வழிகாட்டி பிடுங்காதே என்று சொல்வதற்குள் பிடுங்கிவிட்டேன். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாதாம், கொஞ்ச நேரத்தில் வெள்ளை சாக்ஸ் சிவப்பாகிவிட்டது. மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டு போங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து இன்னொருவர்:
வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டுக்கு மேலே கட்டிய பாலத்தில் வரிசையாகப் போனதைப் பார்த்தேன். ஒன்று மட்டும் இறங்கி வந்து எங்கள் காரின் கண்ணாடியைத் தட்டியது. அதற்கும் யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். சரி, முந்திரி என்ன ஆச்சு?

என் பதில்: வால்பாறையில் ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிட்டோம்ங்க.