அடித்து மூன்று மாதத்தில் பெயின்ட் கொப்புளம் போடுகிறது: முழுக் காரையும் தொடங்கும் முன் உதவி வேண்டும்

கேள்வி: கல்லடி, மட்டக்களப்பு

வணக்கம். அப்பா ஓடிய 1983 டொயோட்டா கொரோலா எங்களிடம் இருக்கிறது. எஞ்சின் நல்லது, தகரம்தான் கவலை. வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். எந்தப் பக்கம் காற்று வந்தாலும் உப்புதான்.

போன புரட்டாதியில் இடது முன் மட்கார்டை மட்டும் வீட்டில் செய்து பார்த்தேன். கறளைச் சுரண்டி, பள்ளம் நிரப்பும் பில்லர் பசை போட்டு, வாட்டர் பேப்பரால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, ரெட் ஒக்சைட் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். அதற்குள் மழை பிடித்துவிட்டது. மாரி முடியும்வரை கார் பிரைமரோடு கொட்டிலில் நின்றது. தை பிறந்து வெயில் கண்ட பிறகு மேல் பெயின்ட் அடித்தேன். முகம் பார்க்கலாம் போல வந்தது. சித்திரைக்குள் வியர்க்குரு மாதிரிச் சின்னக் கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே ஈரம், அடியில் கறள்.

இப்போது முழுக் காரையும் செய்ய வேண்டும். கராஜில் சொன்ன தொகை எங்களுக்கு எட்டாது. நான் எங்கே பிழை விட்டேன்? பழைய பெயின்டை முழுதாக உரிக்க வேண்டுமா?

பதில்: களுவாஞ்சிக்குடி

தம்பி, நான் பெயின்ட் வேலை செய்கிறவன். உங்கள் மட்கார்டில் பிழை மேல் பெயின்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. பில்லர் ஈரத்தைக் குடிக்கும். அதை எப்போதும் காய்ந்தபடிதான் தேய்க்க வேண்டும். நீங்கள் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள், அதுவும் கல்லடிக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீர் வற்றினாலும் உப்பு உள்ளே நிற்கும். அந்த உப்பு பெயின்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரெட் ஒக்சைட்டும் ஈரத்தைத் தடுக்காது. மாரி முழுக்க அதோடு நின்றது என்றால் கறள் திரும்பாமல் என்ன செய்யும்?

முழுக்க உரிக்கத் தேவையில்லை. வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத இடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தாலோ, பெயின்ட் சுருங்கினாலோ, அது பிறகு யாரோ அடித்த பூச்சு. அதன் மேல் புதியது அடித்தால் கிளம்பும். அதை எடுத்துவிடுங்கள். ஒன்றுமே ஆகாமல் இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் கம்பனியில் சூடேற்றி அடித்த பெயின்ட். அதைவிட நல்ல அடித்தளம் நாம் போட முடியாது. 320 நம்பர் சாண்ட் பேப்பரால் பளபளப்பை எடுத்தால் போதும். வெடிப்பு விட்ட இடத்தில் மட்டும் தகரம் வரை போங்கள். ஓரத்தில் விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். தேய்க்கத் தொடங்கும் முன்பே சவர்க்காரத்தால் கழுவி, கிரீஸ் நீக்கியால் துடையுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் வக்ஸும் டயர் பொலிஷ் சிலிகனும் கீறலுக்குள் போய்விடும். பிறகு பெயின்ட் அங்கே ஒதுங்கிக் குழி குழியாக விழும். கழுவுவதற்கு உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

பதில்: அக்கரைப்பற்று

தம்பி, சாண்ட் பேப்பர் தூக்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் காரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கதவின் அடி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம், பின் சில்லுக்கு மேல் வளைவு. டங் என்று கேட்டால் தகரம். சத்தம் செத்துப் போனால் அங்கே பில்லரோ கறளோதான். ஊசித் துளை அளவு கறள் மேலே தெரிந்தால் உள்பக்கம் முடிந்துவிட்டது என்று எடுங்கள். அதை வெட்டிப் புதுத் தகரம் வெல்ட் பண்ண வேண்டும். ஓட்டையைப் பில்லரால் அடைப்பது வேலையே இல்லை.

கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். எத்தனையோ காரில் மண்ணும் பழைய பெயின்டும் அவற்றை அடைத்திருக்கும். கதவு உள்ளிருந்து உக்குவது அதனால்தான்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி நானா. தின்னர் வைத்துப் பார்த்தேன். கூரையும் டிக்கியும் அசையவில்லை, பொனட்டில் நிறம் கரைந்து வருகிறது. தட்டியதில் வலது பக்கப் பெட்டித் தகரம் செத்த சத்தம். வெறும் தகரம் தெரிந்த இடத்தில் முதலில் என்ன அடிப்பது? பில்லரா, பிரைமரா?

பதில்: களுவாஞ்சிக்குடி

இந்தக் கரையோரத்துக்கு முதலில் இப்பொக்சி பிரைமர். இரண்டு டின் கலந்து அடிப்பது. தகரத்தை உரித்த அன்றே அடியுங்கள், இரவு தங்க விடாதீர்கள். வெறும் கையால் தகரத்தைத் தொடவும் வேண்டாம், வியர்வையும் உப்புத்தான். இப்பொக்சி காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, அதன் மேல் பில்லர். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் பில்லர் வேண்டாம், சரியாக இறுகாது.

பில்லர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக்கூடாது. இந்த வெயிலில் சில நிமிடத்தில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், பில்லர் எடைக்கு 2 சதவீதம் போதும். கூடினால் பிறகு மேல் பெயின்டில் கறையாக ஊறி வரும். 80, 180, 320 என்று காய்ந்தபடி தேய்த்து, மறுபடி இப்பொக்சி. அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்தில் பிடித்துத் தூவிவிட்டு, கட்டையில் சுற்றிய பேப்பரால் தேயுங்கள். கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம்.

பதில்: திருக்கோவில்

நான் என் வானை வீட்டில் செய்தவன். கச்சான் காற்று வீசும் நாட்களில் பகலில் பெயின்ட் அடிக்கவே முடியாது, மண் வந்து ஒட்டும். விடியற்காலையில் பனி ஈரம். வெயில் ஏறித் தகரம் காய்ந்த பிறகு, காற்று எழும்பும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நம்முடையது.

ஹார்ட்னர் கலக்கும் டூ கே மேல் பெயின்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. கடையில் வாங்கும் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, நெஞ்சைப் பழுதாக்கும். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம், தேய்க்கும்போது பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். தயார் செய்யும் வேலை முழுவதையும் நீங்கள் செய்து, கடைசி அடியை மட்டும் கராஜில் கொடுத்தால் செலவு நன்றாகக் குறையும். கூலியில் பெரும்பகுதி தேய்ப்புக்குத்தானே. நிறத்தை மாற்றினால் வாகனப் பதிவிலும் மாற்ற வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஆறு வாரம் கழித்து

மட்கார்டு பில்லர் பிஸ்கட் மாதிரிக் கையோடு கழன்றது, அடியில் தகரம் கறுத்துக் கிடந்தது. வலது பெட்டித் தகரத்தை வெட்டி வெல்ட் பண்ணியாயிற்று. இரண்டு கதவிலும் நீர்த்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன், ஒரு சிரட்டை மண் வந்தது. இப்போது கார் முழுவதும் இப்பொக்சியில் நிற்கிறது, மாரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கதவின் உள்மட்டையைக் கழற்றியபோது கம்பனியில் அடித்த இளநீலம் அப்படியே இருந்தது. பதிவுப் புத்தகத்திலும் நீலம்தான். அந்த நிறத்தையே கலக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.