நிரல் எழுதுவதை விட்டு ஆலோசனைப் பிரிவுக்குப் போகலாமா?

கேள்வி:
வணக்கம். எட்டு ஆண்டுகளாக நிரலாளராகப் பணிபுரிகிறேன். இப்போது அதே நிறுவனத்தின் மேலாண்மை ஆலோசனைப் பிரிவில் மேலாளர் பொறுப்புத் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு எம்.பி.ஏ. பட்டம் இல்லை. கைவசமுள்ள தொழிலையும் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் மேலே போகவும் முடியாமல் நடுவில் நின்றுவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது. இத்துறையில் உயர்ந்தவர்கள் எப்படி உயர்ந்தார்கள்?

பதில் 1:
பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மோகனூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த என். சந்திரசேகரன், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் கணினிப் படிப்பான எம்.சி.ஏ. முடித்து, 1987-இல் டாடா குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ்-இல் சேர்ந்து, 2009-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகவும் 2017-இல் அக்குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் தலைவராகவும் ஆனார். டிசிஎஸ்-இல் அவருக்கு முன்பிருந்த எஸ். ராமதுரையும் 1972-இல் அங்கே சேர்ந்து 1996-இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்புக்கு வந்தவர்தான்.

பதில் 2:
இவர்களை மட்டும் பார்த்தால் ஒரே இடத்தில் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று தோன்றிவிடும். பன்னாட்டு ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சரின் தலைவர் ஜூலி ஸ்வீட் ஒரு வழக்கறிஞர். நியூயார்க்கின் கிராவத் சட்ட நிறுவனத்தில் பங்குதாரராக இருந்து, 2010-இல் அக்சென்ச்சரின் சட்டத் தலைவராக வந்து, 2015-இல் வட அமெரிக்கப் பொறுப்பையும் 2019-இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பையும் ஏற்றார். நிறுவனங்களை வாங்குவது பற்றிச் சட்ட ஆலோசனை சொல்லிவந்தவர் அவர்; பல நிறுவனங்களை வாங்கியே வளரும் அக்சென்ச்சருக்கு அந்த அனுபவம் மிகவும் பொருந்தியது என்பது என் கருத்து.

பதில் 3:
நானும் இப்படி மாறியவன். முதல் வேலை ஓர் உதிரிபாகக் கிடங்கில். கணினி காட்டிய இருப்பும் அடுக்கில் இருந்த சரக்கும் ஒத்துப்போகவில்லை. மென்பொருளில்தான் பிழை என்று நம்பி இரண்டு நாள் அதையே துருவினேன். மூன்றாம் நாள், கிடங்குப் பொறுப்பாளரின் மேசையில் ஒரு நீள அட்டை நோட்டைப் பார்த்தேன். இரவில் அவசரமாக எடுத்துப்போகும் சரக்கையெல்லாம் அதில் பென்சிலால் குறித்துவைத்து, வாரக் கடைசியில்தான் கணினியில் ஏற்றிவந்தார். நிரல் தெரிந்ததால் மென்பொருளில் பிழையில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நோட்டைப் பார்த்த பிறகுதான் ஆலோசனை சொல்ல முடிந்தது. ஆகவே உங்கள் எட்டு ஆண்டுகள் வீண்போகாது.

ஆனால் ஒன்று. மேலாளர் நிலையில், உங்கள் குழுவின் நேரத்தில் எவ்வளவுக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க முடிந்தது என்று பார்ப்பார்கள். அதற்கும் மேலே போனால், எவ்வளவு புதிய வேலை பிடித்துவந்தீர்கள் என்பதே கணக்கு. விற்பனை இலக்கு எந்த ஆண்டில் தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. விற்பனை இலக்கைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் பேசவில்லை. திங்கட்கிழமை கேட்டுவிடுகிறேன்.