மெத்தியோனினுக்குப் பதிலாகக் கந்தகத்தூள் போடலாமா?

பாலக்கோடு பண்ணை:
வணக்கம். பாலக்கோடு பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன். நிறுவன ஒப்பந்தம் கிடையாது. தீவனமும் நானே அரைத்துக் கலக்கிறேன். குஞ்சுத் தீவனத்தில் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 60, சோயா புண்ணாக்கு 35, மீதி எண்ணெய், தாது உப்பு, வைட்டமின். மூன்றாவது வாரம் ஆகியும் முதுகில் இறகு மூடவில்லை. ஒன்றையொன்று கொத்துகின்றன. கூளத்தில் உதிர்ந்து கிடக்கும் இறகைக்கூடப் பொறுக்கித் தின்கின்றன. தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலமான (புரதத்தின் கட்டுக்கூறு) மெத்தியோனின் விலை கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தியிருந்தேன். "அதிலும் கந்தகம்தானே இருக்கிறது, கந்தகத்தூளைக் கலந்துவிடுங்கள்" என்கிறார் மருந்துக் கடைக்காரர். கலக்கலாமா?

அரூர் விவசாயி:
கந்தகம் வேண்டாம் அண்ணா. நான் சோயாவில் 5 கிலோ குறைத்து எள்ளுப் புண்ணாக்கு சேர்க்கிறேன். இறகு நன்றாக வருகிறது. செக்குகளில் கேட்டால் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் தீவன ஆலை அக்கா:
தம்பி, கந்தகத்தூள் மூட்டையைக் கொட்டகைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இதே கேள்வியோடு எங்கள் ஆலைக்கு வருகிறவர்கள் பலர். ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டித்தான் அனுப்புகிறேன்.

மெத்தியோனின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கந்தகம்தான். ஆனால் வெறும் கந்தகத்திலிருந்து மெத்தியோனினை உருவாக்கச் செடிகளால் முடியும், நுண்ணுயிர்களால் முடியும், கோழியால் முடியாது. மாட்டுக்கு அதன் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன. மாட்டுக் கணக்கைக் கோழிக்குப் போடக் கூடாது. கந்தகம் உள்ள உப்பான சோடியம் சல்பேட் கொடுத்தால், கந்தகம் உள்ள இன்னொரு அமினோ அமிலமான சிஸ்டீனின் தேவையில் சிறு பகுதி மிச்சமாகலாம், அவ்வளவுதான். கந்தகத்தூளோ ஆபத்து. ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதைத் தீவனத்தில் கலந்து பார்த்த பழைய ஆராய்ச்சிகளிலேயே குஞ்சுகளுக்கு எலும்பு வலுவிழந்து கணை நோய் வந்திருக்கிறது.

இறகு என்பது கெராட்டின் என்னும் புரதம். அதில் சிஸ்டீன் மிகுதி. கோழி மெத்தியோனினைச் சிஸ்டீனாக மாற்றிக்கொள்ளும். சிஸ்டீனை மெத்தியோனினாக மாற்ற அதற்கு வழியில்லை. எனவே இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு (என்.ஆர்.சி.) 1994இல் வெளியிட்ட அட்டவணைப்படி முதல் மூன்று வாரத் தீவனத்தில் இரண்டும் சேர்ந்து 0.90 சதவீதம் வேண்டும். உங்கள் 60 கிலோ சோளமும் 35 கிலோ சோயாவும் தருவது ஏறத்தாழ 0.66 தான். 100 கிலோவுக்குச் சுமார் 240 கிராம் துண்டு விழுகிறது. இன்றைய கோழி இனங்கள் இன்னும் வேகமாக வளர்கிறவை. அவற்றின் தேவை இதைவிடக் கூடுதல். சோளம்-சோயா தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது எப்போதும் மெத்தியோனின்தான். அதை நிறுத்தி மிச்சம் பிடித்த பணத்தைவிட, தின்ற தீவனம் சதையாகாமல் போன நஷ்டம் பெரிது.

அரூர்த் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எள்ளில் மெத்தியோனின் அதிகம். ஆனால் லைசின் என்னும் இன்னொரு அமினோ அமிலம் குறைவு. அதிலுள்ள பைட்டேட்டும் ஆக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 5 கிலோவோடு நிறுத்துங்கள், லைசினையும் சரிபாருங்கள். சிக்கு வாடை அடிக்கும் புண்ணாக்கை வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஒரு கோழியைப் பிடித்துச் சிறகை விரித்துப் பாருங்கள். இறகுகள் உடலோடு படியாமல் பக்கவாட்டில் குத்திட்டு நின்றால், தண்டு முறிந்திருந்தால், குடல் கோளாறையோ பூஞ்சை நஞ்சையோ சந்தேகிக்க வேண்டும். மழையில் நனைந்த சோளமா?

பாலக்கோடு பண்ணை:
நன்றி அக்கா. பார்த்தேன், இறகுகள் படிந்துதான் இருக்கின்றன; குறைவாக இருக்கின்றன. சோளம் நன்றாகக் காய்ந்தது. இத்தனை நாள் விட்டதை ஈடுகட்ட மெத்தியோனினை இரு மடங்காகப் போடட்டுமா?

காவேரிப்பட்டணம் தீவன ஆலை அக்கா:
கூடாது தம்பி. அமினோ அமிலங்களிலேயே மிகையானால் அதிகம் கெடுப்பது மெத்தியோனின். கோழி தீவனம் எடுப்பதையே குறைத்துவிடும். இந்த வயதுக்கு உள்ள அளவை மட்டும் போடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்பினால் கலவையைத் திருத்த உதவும்.

கலக்கும்போது 240 கிராமை நேராக 100 கிலோவில் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு கிலோ சோள மாவில் கையால் நன்றாகப் பிசறுங்கள், அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். கிராம் காட்டும் சிறிய தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.