4831 என்று மட்டும் எழுதியிருந்தார்

கொருக்குப்பேட்டை லேத்:

கொருக்குப்பேட்டையில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவன் நான். மகள் பிரசவத்துக்காக டெக்சாஸ் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை.

மாப்பிள்ளைக்கு ரைபிள் சுடுவதில் ஆர்வம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புது பிரைமர் (பவுடரைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் சின்ன மூடி), பவுடர், குண்டு வைத்து வீட்டு ஷெட்டிலேயே திரும்பத் தயார் செய்வார். அந்த ஊரில் சட்டம் அனுமதிக்கிற வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும். பவுடர் போட்டதும் ஐம்பது கூடுகளையும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிஸ்டல் கூட்டில் பல சமயம் பவுடர் பாதிகூட வராது, தெரியாமல் இரண்டு தடவை போட்டாலும் வழியாது, அதனால் கண்ணால் பார்த்தே ஆகணும் மாமா என்பார். அவ்வளவு கவனமான மனுஷன்.

அவர்தான் ஒரு நாள் தன் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினார். பவுடர் எடை, குண்டின் எடை எல்லாம் இருந்தது. பவுடர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ‘4831’.

இரண்டு வாரம் கழித்து அந்த நண்பர் சுடப் போயிருக்கிறார். முதல் தோட்டா சுட்டதும் போல்ட் (தோட்டா இருக்கும் அறையை மூடும் தாழ்) தூக்க வரவில்லை, உள்ளங்கையால் தட்டித் திறந்திருக்கிறார். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தது. அழுத்தம் எல்லை மீறியதற்கு அடையாளம் அது. நல்லவேளை, அதோடு நிறுத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். டப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மாப்பிள்ளையுடையது ஹெச் 4831. அவருடையது ஐஎம்ஆர் 4831. எண் ஒன்று, பவுடர் வேறு. ஐஎம்ஆர் இன்னும் வேகமாக எரியும், அதே எடையைப் போட்டால் அழுத்தம் அதிகமாக ஏறும். மாப்பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆன வீடு அது.

எனக்கு உடனே பட்டறைதான் ஞாபகம் வந்தது. டிராயிங்கில் அளவை எழுதிவிட்டு மில்லிமீட்டரா இஞ்சா என்று போடாமல் ஒருவன் கொடுத்தால், நான் மெஷினைத் தொடவே மாட்டேன். எங்கள் தொழிலில் போனால் ஒரு இரும்புத் துண்டு. அங்கே முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும்.

அப்புறம் மாப்பிள்ளையிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பவுடர் பெயர் சரியாக இருந்தாலும் போதாதாம். பட்டாளத்துக் கூட்டின் சுவர் பெரும்பாலும் தடிப்பு, உள்ளே இடம் குறைவு, அதே பவுடருக்கு அழுத்தம் கூடும். குண்டை ஆழமாக இறக்கினாலும் அப்படித்தான். எடை கிரெயின் கணக்கில் போடுவார்கள், ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின், தராசில் பட்டன் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் துப்பாக்கியில் நன்றாக ஓடிய அளவு இன்னொருவர் துப்பாக்கியில் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கம்பெனிப் புத்தகத்தில் ஆரம்ப அளவு என்று தனியாகப் போட்டிருக்கிறான், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும்.

வண்ணாரப்பேட்டை பார்மசி:

அண்ணே, படிக்கும்போதே பகீர் என்றது. எங்கள் கடையில் இதே கதை இன்சுலினில். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் வரும், 100 யூனிட் உள்ளதும் வரும், இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. ஒரு அம்மா 40 சிரிஞ்சில் 100 மருந்தை ஏற்றப் பார்த்தார். "பக்கத்து வீட்டு அக்கா இருபது கோடுன்னு சொன்னாங்க" என்றார். இருபது கோடு ஏற்றியிருந்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். அந்த அக்கா பொய் சொல்லவில்லை, அவருக்கு அது சரியான அளவுதான். அன்றிலிருந்து போனில் யார் அளவு கேட்டாலும் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு வாங்க என்றுதான் சொல்கிறேன்.

வியாசர்பாடி அப்பா:

என் பெண் .22 ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள், அதனால் ஒரு வார்த்தை. இங்கே யாரும் இதை முயற்சி செய்யாதீர்கள். ஆயுதச் சட்டம் 1959, 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். போன மாதம் ஒரு பையன், பத்தொன்பது வயது இருக்கும், வீடியோ பார்த்துவிட்டு வந்து "எவ்வளவு பவுடர் அங்கிள்?" என்று கேட்டான். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனான், பரவாயில்லை. மறுநாள் அவன் அப்பாவிடம் பேசினேன். உங்கள் மாப்பிள்ளை இப்போது யாருக்கும் அளவு கொடுப்பதில்லையா?

கொருக்குப்பேட்டை லேத்:

கேட்கிறவர்களுக்குப் புத்தகத்தின் பெயரும் பக்கமும் மட்டும் சொல்கிறார் தம்பி. எண்ணைத் தன் கையால் எழுதுவதில்லை. டப்பா லேபிளைப் படம் எடுத்து அனுப்பு, அப்புறம் பேசலாம் என்கிறார். மாப்பிள்ளை அனுப்பிய படத்தை அந்த நண்பர் வேறு யாருக்காவது அனுப்பினாரா என்று கேட்டதில், இன்னும் இரண்டு பேரிடம் போயிருந்தது. மாப்பிள்ளை அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு, தவறு தன்னுடையது என்று சொல்லி, அவர்கள் டப்பாவில் இருக்கும் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார். ஒருவர் ஏற்கெனவே இருபது தோட்டா செய்து வைத்திருந்தார். இருபதையும் பிரித்துவிட்டேன் என்று அவர் படம் அனுப்பிய பிறகுதான் மாப்பிள்ளை தூங்கப் போனார்.