பல கிளப்புகளில் ஆடிய பீட்டர் வெர்மஸ், பயிற்சியாளராக ஒரே கிளப்பில் நிலைத்தது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவைச் சேர்ந்த கால்பந்து வீரர் பீட்டர் வெர்மஸ் ஆடிய கிளப்புகளின் வரிசையைப் பார்த்து வியந்தேன். ஹங்கேரியில் கியோர், நெதர்லாந்தில் வோலண்டம், ஸ்பெயினில் ஃபிகேரஸ், சொந்த நாட்டில் டாம்பா பே, மெட்ரோஸ்டார்ஸ், கொலராடோ, கன்சாஸ் சிட்டி என்று ஓரிடத்திலும் அவர் நெடுநாள் கால் ஊன்றவில்லை. அப்படிப்பட்டவர் பயிற்சியாளரானதும் 2009 முதல் 2025 வரை கன்சாஸ் சிட்டி என்ற ஒரே கிளப்பில் இருந்திருக்கிறார். அந்த அலைச்சலை அவருடைய ஆட்டத்தின் குறையாகக் கொள்வதா, காலத்தின் குறையாகக் கொள்வதா?

பதில் 1:
காலத்தின் குறை என்றே சொல்வேன். அமெரிக்காவின் பழைய முதல்நிலை லீக் 1984ஆம் ஆண்டுப் போட்டிகளோடு முடங்கிப்போனது. இன்றைய முதல்நிலை லீக்கான எம்எல்எஸ் தொடங்கியது 1996இல்தான். 1966இல் பிறந்த வெர்மஸின் முழு வலுவுள்ள வயது அப்படியே அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. அவருடைய தந்தை ஹங்கேரியில் ஆடியவர் என்பதால், மகன் முதலில் அங்கே போனதில் வியப்பில்லை.

ஆட்டத்தில் குறை இருந்திருந்தால் 1990 உலகக் கோப்பையில் ஆடியிருக்க முடியாது. ரோமில் இத்தாலிக்கு எதிராக அமெரிக்கா 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது, ஒரு ஃப்ரீ கிக்கை இத்தாலிய கோல்கீப்பர் ஜெங்கா தடுத்துவிட, திரும்பி வந்த பந்தை வெர்மஸ் அடித்தார். ஜெங்காவையும் தாண்டி கோல் கோட்டை நோக்கி மெல்ல உருண்ட அந்தப் பந்தை இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் ஃபெர்ரி ஓடிவந்து அப்புறப்படுத்தினார். ஒரு முழம் விலகியிருந்தால் அவர் பெயரை இன்று வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

பதில் 2:
மேலே சொன்னவரோடு உடன்படுகிறேன். ஆனால் விடையின் முக்கியப் பாதி கன்சாஸ் சிட்டியில் இருக்கிறது. 1990இல் அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பாப் கான்ஸ்லர்தான் 2000இல் கன்சாஸ் சிட்டிக்கும் பயிற்சியாளர். முன்கள வீரராக இருந்த வெர்மஸ் அதற்குள் நடுத் தடுப்பாட்டக்காரர் ஆகியிருந்தார். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் எம்எல்எஸ் கோப்பையும் அவருக்குக் கிடைத்தன. இறுதி ஆட்டத்தில் சிகாகோவை 1-0 என வென்றார்கள்.

முன்களத்தில் பல ஆண்டுகள் ஆடியவருக்கு, எதிரணியின் முன்கள வீரர் அடுத்து எந்தப் பக்கம் நழுவுவார் என்பது சொல்லாமலே தெரியும். களத்தின் இரு முனைகளையும் காலால் அறிந்தவர் என்பதே, கிளப்புகளின் எண்ணிக்கையைவிட, பயிற்சியாளராக அவருக்கு உதவியது என்பது என் கருத்து. எதிரணியின் பாதியிலேயே பந்தை நெருக்கிப் பறிக்கும் ஆட்டத்தை அவர் ஓயாமல் வற்புறுத்தியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பயிற்சியாளராக இருந்த 2013 எம்எல்எஸ் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். டிசம்பர் மாதம், உறைநிலைக்குக் கீழான குளிர். ரியல் சால்ட் லேக்குடன் 1-1 எனச் சமநிலை. பெனால்டி பத்தாவது சுற்று வரை நீண்டு, சால்ட் லேக் வீரர் லோவெல் பால்மர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியதும் ஆட்டம் முடிந்தது. ஒரே கிளப்புக்கு வீரராகவும் பயிற்சியாளராகவும் எம்எல்எஸ் கோப்பையை வென்ற முதல் மனிதர் அவர்.

பதில் 3:
வெற்றிகளை மறுக்கவில்லை. 2012, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கிளப்புகளுக்கான யு.எஸ். ஓபன் கோப்பையையும் வென்றார். ஆயினும், 2006இல் தொழில்நுட்ப இயக்குநராகக் கிளப்புக்குள் வந்து, 2009இல் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்று, வீரர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நெடுங்காலம் முதன்மைக் குரலாக இருந்தவரை யார் எளிதில் விலக்க முடியும்? நீடித்ததற்குத் திறமையோடு அந்த அதிகாரமும் காரணம். 2022, 2024 பருவங்களில் அணி தரவரிசையின் அடிப்பகுதியில் கிடந்தது. 2024 ஓபன் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் 1-3 எனத் தோற்றது. 2025 மார்ச் இறுதியில், ஒரு வெற்றிகூட இல்லாத தொடக்கத்துக்குப் பிறகுதான் பிரிவு வந்தது. எனக்குக் கேட்டால், அது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
கான்ஸ்லர் பற்றிய செய்தி எனக்குப் புதிது. அப்படியானால் வெர்மஸ் கன்சாஸ் சிட்டிக்குப் போனது இன்னொரு இடமாற்றம் அன்று, தெரிந்தவரிடம் திரும்பிச் சென்றதுதான்.